ரகசிய ஆவணம் கசிந்தால் எப்படிப் படிப்பது? ஸ்னோடன் கோப்புகளை வைத்து ஒரு வழிகாட்டி

ஸ்னோடன் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் அவர் வெளியே கொண்டுவந்த ஆவணங்களில் ஒன்றையாவது முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தவரைப் பார்ப்பது அரிது. அதனால்தான் இணையக் கண்காணிப்பு பற்றிப் பேச்சு வந்தாலே, "எல்லாவற்றையும் ஒட்டுக்கேட்கிறார்கள், ஒன்றும் செய்ய முடியாது" என்று ஒருவர் கைவிரிக்கிறார், "நான் தப்பு எதுவும் செய்யவில்லை, எனக்கென்ன" என்று இன்னொருவர் எழுந்து போகிறார். உருப்படியாக எதையாவது தெரிந்துகொள்ள வேண்டும் என்றால் மூல ஆவணத்தைப் படிக்கப் பழகத்தான் வேண்டும். ஆங்கிலம் ஓரளவு வாசிக்க வரும், ஆனால் கணினித் துறையும் தெரியாது, சட்டமும் தெரியாது என்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் சின்னதாக ஒரு முன்கதை. எட்வர்ட் ஸ்னோடன், அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமையான என்எஸ்ஏவுக்கு ஹவாயில் பூஸ் ஆலன் ஹாமில்டன் என்ற ஒப்பந்த நிறுவனம் வழியாக வேலை பார்த்தவர். 2013 மே மாதம் ஹாங்காங் போய், ஒரு ஹோட்டல் அறையில் பத்திரிகையாளர்களைச் சந்தித்துப் பேசினார். கோப்புகளை அவராக இணையத்தில் கொட்டவில்லை. எதை வெளியிடுவது, எதை மறைப்பது என்று முடிவெடுத்தவை கார்டியன், வாஷிங்டன் போஸ்ட் போன்ற பத்திரிகைகள். ஆக, நமக்குக் கிடைப்பது அவர் எடுத்து வந்ததில் ஒரு சிறு பகுதிதான், அதிலும் பத்திரிகைகள் தேர்ந்தெடுத்து, சில இடங்களைக் கறுப்படித்துக் கொடுத்த பகுதி. படிக்கும்போது இது நினைவில் இருக்கட்டும்.

1. நான்கு பக்கத்தில் ஆரம்பியுங்கள்

எடுத்த எடுப்பில் என்எஸ்ஏ தன் ஊழியர்களுக்காகத் தயாரித்த ஸ்லைடுகளுக்குப் போகாதீர்கள். வண்ணப் படமும் குறியீட்டுப் பெயருமாக அவை ஆளை இழுக்கும், ஆனால் பின்னணி தெரியாமல் ஒன்றும் விளங்காது. 2013 ஜூன் 5 அன்று கார்டியன் வெளியிட்ட முதல் ஆவணமான வெரைசன் ஆணையை, அதாவது வெரைசன் என்ற அமெரிக்கத் தொலைபேசி நிறுவனத்துக்குப் போன நீதிமன்ற ஆணையை, எடுங்கள். மொத்தமே நான்கு பக்கம். கார்டியன் தளத்திலேயே கிடைக்கும், அமெரிக்கக் குடிமக்கள் உரிமை அமைப்பான ஏசிஎல்யூ இந்த ஆவணங்களைத் தேடிப் பார்க்கும் வசதியோடு தொகுத்தும் வைத்திருக்கிறது. டெலிகிராம் குழுவில் யாரோ அனுப்பும் ஜிப் ஃபைல் வேண்டவே வேண்டாம், காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

அந்த ஆணை 2013 ஏப்ரல் 25 தேதியிட்டது. வெளிநாட்டு உளவுக் கண்காணிப்பு நீதிமன்றம் என்ற ரகசிய நீதிமன்றத்தின் நீதிபதி ரோஜர் வின்சன் கையெழுத்திட்டிருக்கிறார். வெரைசனின் வணிகப் பிரிவு, அமெரிக்காவுக்குள் நடக்கும் அழைப்புகள், அமெரிக்காவுக்கும் வெளிநாட்டுக்கும் இடையே நடக்கும் அழைப்புகள் எல்லாவற்றின் விவரங்களையும் ஜூலை 19 வரை தினந்தோறும் என்எஸ்ஏவிடம் ஒப்படைக்க வேண்டும். சந்தேகத்துக்குரிய ஆள் என்று ஒருவர் பெயர்கூட அதில் கிடையாது. இப்படி ஓர் ஆணை வந்ததையே நிறுவனம் வெளியே சொல்லக்கூடாது என்றும் அதிலேயே எழுதியிருக்கிறது.

எதை ஒப்படைக்க வேண்டும் என்று சொல்லும் பத்தியில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். அழைத்த எண், அழைக்கப்பட்ட எண், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், கைபேசியின் ஐஎம்இஐ எண், சிம்மின் ஐஎம்எஸ்ஐ எண், அழைப்பு எந்தத் தடத்தில் போனது என்று பட்டியல் நீள்கிறது. பேசிய பேச்சு இதில் சேராது, வாடிக்கையாளரின் பெயரும் முகவரியும் சேராது என்றும் தெளிவாகவே போட்டிருக்கிறார்கள். "பேச்சைக் கேட்கவில்லையே, அப்புறம் என்ன" என்று இங்கேதான் பலர் ஆறுதல் அடைந்துவிடுகிறார்கள்.

ஒரு வீட்டின் அழைப்புப் பட்டியலை எடுத்துக்கொள்வோம். திங்கள் காலை 10:05க்கு ஒரு ஸ்கேன் சென்டர், 2 நிமிடம். புதன் மாலை 6:40க்குப் புற்றுநோய் மருத்துவர் ஒருவரின் கிளினிக், 1 நிமிடம். அதை வைத்த கையோடு அக்காவுக்கு ஓர் அழைப்பு, 47 நிமிடம். வெள்ளி காலை பேங்க் திறந்ததும் நகைக்கடன் பிரிவுக்கு ஓர் அழைப்பு. பேச்சில் ஒரு வார்த்தையும் கேட்காமலே அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று தெரிந்துவிட்டது. எண்ணிலிருந்து பெயரைக் கண்டுபிடிப்பது ஓர் அரசாங்கத்துக்குப் பெரிய வேலையும் இல்லை. இந்த விவரங்களைத்தான் மெட்டாடேட்டா என்கிறோம். என்எஸ்ஏ, சிஐஏ இரண்டுக்கும் தலைவராக இருந்த மைக்கேல் ஹேடன், மெட்டாடேட்டாவை வைத்து ஆட்களைக் கொல்கிறோம் என்று 2014இல் ஒரு மேடையில் வெளிப்படையாகவே சொன்னார். "வெறும் மெட்டாடேட்டாதானே" என்று யாராவது சொன்னால் இதை எடுத்துக் காட்டுங்கள்.

2. தலைப்பு வரியைத் தாண்டிப் போகாதீர்கள்

ஒவ்வொரு பக்கத்தின் மேலும் கீழும் இரண்டு சாய்கோடுகளோடு ஒரு வரி இருக்கும். வெரைசன் ஆணையில் டாப் சீக்ரெட்//எஸ்ஐ//நோஃபார்ன் என்று இருக்கிறது. முதல் பகுதி ரகசியத்தின் அளவு. கான்ஃபிடென்ஷியல், சீக்ரெட், டாப் சீக்ரெட் என்று மூன்று படிகள். எஸ்ஐ என்றால் தகவல் தொடர்பை இடைமறித்துப் பெற்ற உளவு சம்பந்தப்பட்டது. நோஃபார்ன் என்றால் வெளிநாட்டவர் யாருக்கும், நட்பு நாட்டு அதிகாரிக்கும்கூடக் காட்டக்கூடாது. அதற்குப் பதில் எஃப்விஇஒய் என்று இருந்தால் அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து என்ற ஐந்து நாடுகள் பகிர்ந்துகொள்ளலாம். சில ஆவணங்களில் பத்தி தோறும் தனியாக எழுத்து போட்டிருப்பார்கள். யு என்று இருந்தால் அந்தப் பத்தி ரகசியமே இல்லை. டாப் சீக்ரெட் ஆவணத்துக்குள் இப்படி ரகசியமில்லாத பத்திகள் இருப்பதைப் பார்க்கும்போதுதான், மேலே அடித்த முத்திரையை வைத்து மட்டும் ஓர் ஆவணத்தின் கனத்தை எடைபோட முடியாது என்று புரியும்.

எப்போது ரகசியம் நீங்கும் என்ற தேதியையும் பாருங்கள். வெரைசன் ஆணைக்கு 2038 ஏப்ரல் 12. கசியாமல் இருந்திருந்தால், தன் அழைப்பு விவரம் அரசின் கையில் இருந்தது என்று ஒரு வாடிக்கையாளருக்குத் தெரிய 25 வருடம் ஆகியிருக்கும்.

3. யார், யாருக்காக எழுதியது?

நீதிமன்ற ஆணையில் ஒவ்வொரு சொல்லுக்கும் சட்டப்படி அர்த்தம் உண்டு. பயிற்சி ஸ்லைடு அப்படியில்லை. ஏற்கெனவே பாதி தெரிந்த சக ஊழியர்களுக்காக, சுருக்கி, கொஞ்சம் பெருமையும் கலந்து எழுதியிருப்பார்கள்.

இணைய நிறுவனங்களிடமிருந்து தகவல் பெறும் என்எஸ்ஏ திட்டமான பிரிஸம் விஷயத்தில் நடந்த குழப்பம் முழுவதும் இதனால்தான். ஜூன் 6 அன்று வெளிவந்த அந்த ஸ்லைடு தொகுப்பில், மைக்ரோசாஃப்ட், யாஹூ, கூகுள், ஃபேஸ்புக், பால்டாக், யூடியூப், ஸ்கைப், ஏஓஎல், ஆப்பிள் என்று ஒன்பது பெயரைப் போட்டு, இவர்களுடைய சர்வர்களிலிருந்து நேரடியாக எடுக்கிறோம் என்று எழுதியிருந்தது. உடனே உலகம் முழுக்க, என்எஸ்ஏ கூகுளுக்குள் நினைத்தபோது புகுந்து எடுக்கிறது என்று செய்தி பரவியது. அப்படி நேரடி வாசல் எதையும் திறந்துவிடவில்லை என்று நிறுவனங்கள் மறுத்தன. அதே தொகுப்பில் இன்னொரு ஸ்லைடு, பிரிஸத்தையும் அப்ஸ்ட்ரீமையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறது. அப்ஸ்ட்ரீம் என்பது கடந்து போகும் கேபிளிலேயே எடுப்பது, பிரிஸம் என்பது நிறுவனத்திடமிருந்து பெறுவது. கேபிளோடு ஒப்பிட்டுத்தான் "நேரடியாக" என்ற சொல் வருகிறது. பிறகு 2014 ஜூலையில் அமெரிக்க அரசின் தனியுரிமை மேற்பார்வை வாரியம் வெளியிட்ட அறிக்கையில் நடைமுறை விளங்கியது. குறிப்பிட்ட மின்னஞ்சல் முகவரி போன்ற அடையாளங்களை அரசு கொடுக்கும், அந்தக் கணக்கின் தகவல்தொடர்பை நிறுவனம் சட்டப்படி கொடுத்தே ஆக வேண்டும். ஒவ்வொரு ஆளுக்கும் தனித்தனியாக நீதிபதியின் உத்தரவு தேவையில்லை. நாம் கவலைப்பட இதுவே போதும், இல்லாததைச் சேர்த்துச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை.

மாறாக, ஸ்லைடு ஒன்றே முழு உண்மையையும் சொன்ன இடமும் உண்டு. 2013 அக்டோபரில் வாஷிங்டன் போஸ்ட் ஒரு கைப்பட வரைந்த படத்தை வெளியிட்டது. இடது பக்கம் ஒரு மேகம், பொது இணையம். வலது பக்கம் இன்னொரு மேகம், கூகுளின் உள் வலையமைப்பு. நடுவில் ஒரு பெட்டி, அதை நோக்கி ஓர் அம்பு, குறியாக்கம் (பிறர் படிக்க முடியாதபடி போடும் பூட்டு) இங்கேதான் சேர்க்கப்படுகிறது, நீக்கப்படுகிறது என்று ஒரு வரி, பக்கத்தில் ஒரு சிரிக்கும் முகம். நமக்கும் கூகுளுக்கும் நடுவில் பூட்டு இருந்தது. கூகுளின் ஒரு தரவு மையத்துக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் இல்லை. அந்த இடைவெளியில்தான் என்எஸ்ஏவும் பிரிட்டனின் உளவு அமைப்பான ஜிசிஹெச்க்யூவும் மஸ்குலர் என்ற பெயரில் கைவைத்திருந்தன. நிறுவனம் சம்மதிக்கவும் இல்லை, அதற்குத் தெரியவும் தெரியாது. இதற்குப் பிறகு கூகுளும் யாஹூவும் உள் இணைப்புகளையும் குறியாக்கம் செய்தன. கசிந்த ஒரு படத்தால் கோடிக்கணக்கானவர்களின் அஞ்சல் பாதுகாப்பானது, நம்முடையதும் அதில் சேர்த்தி.

4. எண்ணைக் கண்டால் நிறுத்துங்கள்

பவுண்ட்லெஸ் இன்ஃபார்மன்ட் என்ற என்எஸ்ஏ கருவியின் ஸ்கிரீன்ஷாட் ஒன்று கசிந்தது, உலக வரைபடத்தில் நாடுகளைப் பச்சையிலிருந்து சிவப்பு வரை வண்ணமிட்டிருக்கும். 2013 மார்ச் என்ற ஒரே மாதத்துக்கு உலகம் முழுவதும் 9,700 கோடி பதிவுகள், அதில் ஈரான் 1,400 கோடி, பாகிஸ்தான் 1,350 கோடி, இந்தியா 630 கோடி. பட்டியலில் இந்தியா ஐந்தாவது இடம்.

"630 கோடி இந்திய அழைப்புகளைக் கேட்டார்கள்" என்று எழுதிவிடாதீர்கள். ஒரு பதிவு என்றால் ஓர் அழைப்பின், ஓர் இணையத் தொடர்பின் விவரம், பேச்சு கிடையாது. யார் சேகரித்துக் கொடுத்தார்கள் என்பதும் அந்த வண்ணத்தில் தெரியாது. இதே கருவியின் படங்களை வைத்து, பிரான்ஸில் ஒரு மாதத்தில் 7.03 கோடி, நார்வேயில் 3.3 கோடி அழைப்புகளை என்எஸ்ஏ உளவு பார்த்தது என்று ஐரோப்பியப் பத்திரிகைகள் எழுதின. நார்வே ராணுவ உளவுத் துறையின் தலைவரே வந்து, அது நாங்கள் வெளிநாட்டில் நடக்கும் மோதல் பகுதிகளில் சேகரித்து அமெரிக்காவுக்குக் கொடுத்தது என்று சொல்ல, கதை தலைகீழானது. ஆவணம் உண்மையானது, எண்ணும் உண்மையானது, படித்த விதம்தான் தப்பு.

5. மறுப்பையும் சொல்லுக்குச் சொல் படியுங்கள்

2013 மார்ச் 12, செனட் குழுவின் விசாரணை. கோடிக்கணக்கான அமெரிக்கர்களைப் பற்றி என்எஸ்ஏ ஏதாவது தகவல் சேகரிக்கிறதா என்று செனட்டர் ரான் வைடன் கேட்கிறார், உளவுத் துறை இயக்குநர் ஜேம்ஸ் கிளாப்பர் இல்லை என்கிறார், தெரிந்தே செய்வதில்லை என்று சேர்க்கிறார். மூன்று மாதம் கழித்து வெரைசன் ஆணை வெளியானது. பொய் மிகக் குறைவாக இருக்கும்படி பதில் சொன்னேன் என்று பிறகு தொலைக்காட்சியில் விளக்கம் கொடுத்தார். எந்த நாட்டு அரசு மறுத்தாலும், எந்தச் சொல்லை மறுக்கிறார்கள், எந்தச் சொல்லைத் தொடாமல் விடுகிறார்கள் என்று அடிக்கோடிட்டுப் படியுங்கள். "சட்டவிரோதமாக யாரையும் கண்காணிக்கவில்லை" என்ற வாக்கியம், சட்டத்தையே அகலமாக எழுதி வைத்திருக்கும் நாட்டில் எதையும் மறுக்கவில்லை.

6. பின்னால் என்ன ஆயிற்று?

செய்தி வந்த வாரத்தோடு நிறுத்திவிடாதீர்கள். தொலைபேசி விவரங்களை மொத்தமாக அள்ளியது எந்தப் பயங்கரவாத விசாரணையிலும் குறிப்பிடும்படியான மாற்றத்தை ஏற்படுத்தியதற்கு ஓர் உதாரணமும் இல்லை என்று அதே மேற்பார்வை வாரியம் 2014 ஜனவரியில் எழுதியது. 2015 மே 7 அன்று நியூயார்க்கில் இருக்கும் மேல்முறையீட்டு நீதிமன்றம், சட்டம் இதற்கு இடம் தரவில்லை என்றது. ஜூன் மாதம் புதிய சட்டம் வந்து, நவம்பர் கடைசியில் அந்தத் திட்டம் நின்றது. ஆனால் பிரிஸத்துக்கு அடிப்படையான, வெளிநாட்டு உளவுக் கண்காணிப்புச் சட்டத்தின் 702ஆம் பிரிவு நிற்கவில்லை, 2024 ஏப்ரலில்கூடப் புதுப்பித்தார்கள். அதன் இலக்கு அமெரிக்காவுக்கு வெளியே இருக்கும் அமெரிக்கரல்லாதவர்கள். அதாவது, இதைப் படிக்கும் நம்மில் பெரும்பாலோர்.

7. கோப்பைத் திறக்கும் முன்

பரபரப்பான பெயரோடு வரும் கோப்பு வைரஸ் அனுப்ப வசதியான வழி. வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை, போக்குவரத்து அபராதம் என்ற பெயரில் ஏபிகே கோப்பு அனுப்பி பேங்க் கணக்கைக் காலி செய்வது போலவே இதையும் செய்யலாம். பெயரின் கடைசியில் ஏபிகே என்றோ இஎக்ஸ்இ என்றோ இருந்தால் அது ஆவணமே கிடையாது, இயங்கும் செயலி, அழித்துவிடுங்கள். சந்தேகமான பிடிஎஃப்பைத் திறந்தே ஆக வேண்டும் என்றால் டேஞ்சர்ஸோன் என்ற இலவசச் செயலி இருக்கிறது. கோப்பைத் தனி அறையில் திறந்து, வெறும் படமாக மாற்றி, புதிய பிடிஎஃப்பாகக் கொடுத்துவிடும்.

யாராவது நம்பி உங்களிடம் ஓர் ஆவணத்தைக் கொடுத்தால், அதை அப்படியே பகிர வேண்டாம். 2017இல் ரியாலிட்டி வின்னர் என்ற என்எஸ்ஏ ஒப்பந்த ஊழியர் அனுப்பிய ஆவணத்தை ஒரு செய்தித் தளம் உறுதிசெய்வதற்காக அதன் நகலையே அரசிடம் காட்டியது. காகிதத்தில் இருந்த மடிப்பைப் பார்த்து அச்சிட்ட பிரதி என்று புரிந்துகொண்டார்கள், அதை அச்சிட்டவர்கள் ஆறு பேர்தான் என்று பதிவேட்டில் தெரிந்தது, அந்த ஆறு பேரில் அலுவலகக் கணினியிலிருந்து அந்தத் தளத்துக்கு மின்னஞ்சல் போட்டிருந்தவர் அவர் ஒருவர்தான். வெளியிட்ட பிடிஎஃப்பில், கலர் பிரிண்டர்கள் கண்ணுக்குத் தெரியாமல் பதிக்கும் மஞ்சள் புள்ளிகளும் இருந்தன. அச்சிட்ட தேதியும் நேரமும் அதிலிருந்தே படிக்க முடிந்தது. அவருக்கு ஐந்து வருடம் மூன்று மாதம் சிறை. எனவே தேவையான வரிகளை நீங்களே தட்டச்சு செய்து பயன்படுத்துங்கள். பிடிஎஃப்பில் ஒரு பெயரின் மேல் கறுப்புப் பெட்டி வரைந்தால் போதும் என்று நினைக்காதீர்கள், அடியில் எழுத்து அப்படியே இருக்கும், காப்பி எடுத்து ஒட்டினால் வந்துவிடும். பெரிய பத்திரிகைகளுக்கே இது நடந்திருக்கிறது.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. 1923ஆம் ஆண்டு அலுவல் ரகசியச் சட்டம், கொடுப்பவரை மட்டுமல்ல, தெரிந்தே வாங்குபவரையும் பிடிக்கும். ரஃபேல் போர் விமான வழக்கில் சென்னையிலிருந்து வரும் தி இந்து வெளியிட்ட ஆவணங்கள் திருடப்பட்டவை, நீதிமன்றம் பார்க்கவே கூடாது என்று மத்திய அரசு வாதிட்டதும், 2019 ஏப்ரல் 10 அன்று உச்ச நீதிமன்றம் அந்த ஆட்சேபத்தைத் தள்ளியதும் நமக்குச் சாதகமான முன்னுதாரணம்தான். அதற்காக வக்கீலிடம் கேட்காமல் இறங்க வேண்டாம்.

8. உங்கள் கைபேசி

கைபேசி அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள், மின்னஞ்சலுக்கு இரண்டடுக்குப் பூட்டுப் போடுங்கள், இந்த இரண்டும் மற்ற எல்லாவற்றையும் விட முக்கியம். வாட்ஸ்அப் செய்தி பாதுகாப்பாகப் போனாலும் அதன் பேக்கப் கூகுள் டிரைவில் பூட்டில்லாமல் கிடக்கலாம், அமைப்பில் போய்க் குறியாக்க பேக்கப்பை இயக்குங்கள். யார் யாரோடு எப்போது பேசினார்கள் என்பதும் வெளியே தெரியக்கூடாது என்றால் சிக்னல் என்ற செய்திச் செயலி. 2016இல் அமெரிக்க அரசு இரண்டு எண்களைப் பற்றிக் கேட்டபோது, கணக்கு தொடங்கிய நேரமும் கடைசியாக இணைந்த தேதியும் தவிர அவர்களிடம் கொடுக்க வேறு எதுவும் இருக்கவில்லை. உங்கள் இணையத் தொடர்பை வேறொரு நிறுவனம் வழியாகத் திருப்பிவிடும் விபிஎன்னை அளவுக்கு மீறி நம்பாதீர்கள், நம்பிக்கையைத் தொலைபேசி நிறுவனத்திடமிருந்து எடுத்து விபிஎன் நிறுவனத்திடம் கொடுக்கிறீர்கள், அவ்வளவுதான். நீங்கள் பத்திரிகையாளராகவோ வழக்கறிஞராகவோ இருந்து ஐஃபோன் வைத்திருந்தால் லாக்டவுன் மோடை (குறிவைத்துத் தாக்குபவர்களுக்கு எதிரான கூடுதல் பாதுகாப்பு) இயக்கிவிடுங்கள், சில வசதிகள் போகும், பரவாயில்லை.

9. கசிவதற்குக் காத்திருக்காமல் கேளுங்கள்

இந்தியாவில் ஒட்டுக்கேட்க ஆணையிடுவது நீதிபதி இல்லை. மத்திய அல்லது மாநில உள்துறைச் செயலாளர் கையெழுத்துப் போடுகிறார், அதைச் சரிபார்க்கும் குழுவில் இருப்பவர்களும் செயலாளர்கள்தான். ரகசியமாகவாவது ஒரு நீதிமன்றம் இருந்த அமெரிக்காவிலேயே அப்படி நடந்தது என்றால் இங்கே கேள்வி கேட்கவேண்டிய அவசியம் இன்னும் அதிகம். தகவல் உரிமைச் சட்டத்தில் உளவு அமைப்புகளுக்கு விலக்கு உண்டு, உள்துறை அமைச்சகத்துக்கு முழு விலக்கு கிடையாது. 2013இல் ஒரு டில்லி அமைப்பு இப்படிக் கேட்டதால்தான், மத்திய அரசு மாதத்துக்குச் சராசரியாக 7,500 முதல் 9,000 தொலைபேசி ஒட்டுக்கேட்பு ஆணைகள் அப்போது போட்டுவந்தது என்று நமக்குத் தெரியவந்தது. யாரும் எதையும் கசியவிட்டு வந்த எண் இல்லை இது.

பெயர்களைக் கேட்டால் மறுத்துவிடுவார்கள். எத்தனை ஆணைகள், மறுஆய்வுக் குழு எத்தனை முறை கூடியது, எத்தனை ஆணைகளை ரத்து செய்தது என்று எண்ணிக்கையாகக் கேளுங்கள், ஒரு விண்ணப்பத்துக்கு ஒரு விஷயம். கட்டணம் 10 ரூபாய், மத்திய அரசின் ஆர்டிஐ ஆன்லைன் தளத்திலேயே கட்டலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். பாதுகாப்புக் காரணம் என்று 8(1)(a) பிரிவைக் காட்டி மறுத்தால், பொதுநலன் பெரிது என்றால் கொடுக்கலாம் என்று சொல்லும் 8(2) பிரிவைக் குறிப்பிட்டு அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு போடுங்கள், அதிலும் சரிவரவில்லை என்றால் 90 நாளுக்குள் மத்தியத் தகவல் ஆணையம். மறுத்து வரும் கடிதத்தையும் தூக்கிப் போடாமல் பத்திரப்படுத்துங்கள், எந்தச் சொல்லைத் தொடாமல் விட்டிருக்கிறார்கள் என்று பார்க்க அதுவும் ஓர் ஆவணம்தான்.